பழைய கணினி, புதிய மானிட்டர்: பிளக் பொருந்தியும் படம் வராதது ஏன்?

பரணில் கிடந்த கணினியை இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது, ‘பீப்’ என்று ஒலியும் வருகிறது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’, அல்லது ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’. கனெக்டரை மாற்றித் தரும் அடாப்டர் ஒன்றை வாங்கிச் சொருகினாலும் அதே கதைதான். வீடியோ சிப் போய்விட்டது என்று பலர் இந்த இடத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் கணினி ஒழுங்காகப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் மானிட்டர்தான் விழித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் குழப்பத்தின் வேர், பிளக்கின் வடிவத்தைப் பார்த்துப் பொருத்தத்தை முடிவு செய்வதில் இருக்கிறது. பழைய வீடியோவில் கம்பி எங்கே போகிறது என்பதைவிட, அந்தக் கம்பியில் எந்த நொடியில் என்ன வருகிறது என்பதே முக்கியம்.

கம்பியில் வருவது ஓர் அட்டவணை

பின்பக்கம் புடைத்த பழைய சிஆர்டி திரையில், எலக்ட்ரான் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக ஒரு வரி ஓடும். சட்டென்று இடப்பக்கம் திரும்பி அடுத்த வரியைத் தொடங்கும். கடைசி வரி முடிந்ததும் மேலே தாவும். கணினி முழுப் படத்தை ஒரே வீச்சில் அனுப்புவதில்லை. ‘இந்தக் கணத்தில் இவ்வளவு வெளிச்சம், அடுத்த கணத்தில் இவ்வளவு’ என்று சொல்லிக்கொண்டே போகிறது. நடுநடுவே இரண்டு சைகைகள்: ‘வரி முடிந்தது’ என்பது கிடைமட்ட சிங்க், ‘பக்கம் முடிந்தது’ என்பது செங்குத்து சிங்க்.

ஒரு நொடியில் எத்தனை வரிகள் என்பது கிடைமட்ட அதிர்வெண். கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகும் எண் இதுதான். வண்ணத் தொலைக்காட்சியில் அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக்கு இது 15.734 கிலோஹெர்ட்ஸ், இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருந்த ‘பால்’ முறைக்கு 15.625 கிலோஹெர்ட்ஸ். 1977இன் ஆப்பிள் II, 1982இன் கமடோர் 64, அதே ஆண்டின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 1985இன் அமிகா எல்லாமே இந்த வேகத்தை ஒட்டி வடிவமைக்கப்பட்டவை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தொலைக்காட்சியையே திரையாகப் பயன்படுத்தலாம் என்பது அந்தக் காலக் கணக்கு.

எல்சிடி மானிட்டரில் கற்றையும் இல்லை, ஓட்டமும் இல்லை. இருப்பது எண்ணிக்கை மாறாத பிக்சல் கட்டங்கள். அது வரும் சிக்னலின் தாளத்தை முதலில் அளக்க வேண்டும். தனக்குத் தெரிந்த தாளங்களில் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பிறகு மின்னழுத்தத்தை எண்களாக்கி, நினைவகத்தில் வைத்து, தன் கட்டங்களுக்கு ஏற்ப நீட்டியோ சுருக்கியோ காட்ட வேண்டும். முதல் படியிலேயே தாளம் பிடிபடாவிட்டால் மற்றவை நடக்காது. 1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த விஜிஏ என்ற வீடியோ முறை, வரி வேகத்தை 31.47 கிலோஹெர்ட்ஸாக்கியது. அதன் பிறகு பிசி உலகில் அதுவே தரைமட்டம். இன்றைய மானிட்டரின் கையேட்டில் கிடைமட்ட அதிர்வெண் பெரும்பாலும் சுமார் 30 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும். 15 கிலோஹெர்ட்ஸ் அந்தத் தரைக்கும் கீழே கிடக்கிறது.

கேபிள் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. சிக்னல் எந்த வகை?

மோசமானதிலிருந்து நல்லதை நோக்கிப் போனால்: ஆர்எஃப், ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும் காம்போசிட், அவை பிரிந்து வரும் எஸ்-வீடியோ, சிவப்பு-பச்சை-நீலம் தனித்தனியே வரும் அனலாக் ஆர்ஜிபி. இவற்றுக்கு வெளியே தனி இனமாக, ஒவ்வொரு கம்பியும் ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் டிடிஎல் ஆர்ஜிபி.

ஆர்எஃப் என்றால் கணினியே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் போலச் செயல்படும். ஸ்பெக்ட்ரம் யுஎச்எஃப் 36ஆம் சேனலில் படத்தை அனுப்பியது. அனலாக் ட்யூனர் இல்லாத தொலைக்காட்சியில் இது எடுபடாது. அதனால்தான் ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்கள் உள்ளே இருந்து படத்தை ஒளிபரப்புச் சிக்னலாக்கும் மாடுலேட்டரைத் தாண்டி, அதற்குள் போகும் காம்போசிட் சிக்னலை நேரடியாக வெளியே எடுக்கிறார்கள். கமடோர் 64இன் வட்டக் கனெக்டரில் ஒளிர்வும் நிறமும் பிரிந்தே கிடைக்கும் என்பதால், சரியான கேபிள் ஒன்றிலேயே எழுத்துகள் கண்கூடாகத் தெளிந்துவிடும்.

2. கிடைமட்ட அதிர்வெண் எவ்வளவு?

பழைய கணினி என்றாலே 15 கிலோஹெர்ட்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அட்டாரி எஸ்டி இதற்கு நல்ல உதாரணம். ஒரே 13 பின் கனெக்டரில், வண்ணப் பயன்முறை 15 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும், 640 × 400 கறுப்பு வெள்ளைப் பயன்முறை 35 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் ஓடும். இரண்டாவதைப் பல விஜிஏ மானிட்டர்கள் வெறும் கேபிள் மாற்றத்திலேயே ஏற்றுக்கொள்ளும், முதலாவதை ஏற்காது. சன் நிறுவனத்தின் பணிநிலையக் கணினிகளின் 1152 × 900 படமோ 61 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். அங்கே வேகம் ஒரு தடையே இல்லை, சிக்கல் அடுத்த கேள்வியில்.

3. சிங்க் எந்தக் கம்பியில் வருகிறது?

விஜிஏ மானிட்டர் இரண்டு சிங்க்கையும் தனித்தனிக் கம்பிகளில் எதிர்பார்க்கிறது. பழைய கருவிகளில் இரண்டும் ஒரே கம்பியில் கலந்து வரலாம். ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் இருந்த ஸ்கார்ட் இணைப்பில் காம்போசிட் வீடியோவுக்கான பின்னிலேயே சிங்க்கும் ஒளிந்திருக்கும். எல்எம்1881 போன்ற சிறு சிப் ஒன்று அதைப் பிரித்தெடுக்கும். பணிநிலையங்கள் சிலவற்றில் பச்சைக் கம்பியின் மீதே சிங்க் சவாரி செய்யும். இந்த முறையை ஆதரிக்காத மானிட்டரில் படம் வராது, வந்தாலும் பச்சை பூசியதுபோல் இருக்கும்.

பழைய மேக்கின்டாஷுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. அதன் 15 பின் கனெக்டரில் சில பின்கள் ‘எந்த மானிட்டர் இணைந்திருக்கிறது’ என்று கணினிக்குச் சொல்வதற்காகவே இருக்கின்றன. அவை எதையும் சொல்லாவிட்டால், மானிட்டரே இல்லை என்று நினைத்து மேக் வீடியோவை அணைத்துவிடும். மேக்-விஜிஏ அடாப்டரில் வரிசையாகக் குட்டி ஸ்விட்ச்சுகள் இருப்பது இந்தப் பதிலைச் சொல்லத்தான்.

4. நொடிக்கு எத்தனை படம்?

50 ஹெர்ட்ஸ் படத்தை மறுக்கும் மானிட்டர்கள் நிறைய. அதோடு பழைய கணினிகள் கணக்காக 50இலும் ஓடுவதில்லை. ‘பால்’ கமடோர் 64 ஒரு வரிக்கு 63 கடிகாரத் துடிப்பு, ஒரு படத்துக்கு 312 வரி என்று ஓடுகிறது. அதன் கடிகாரம் நொடிக்கு 9,85,248 துடிப்பு. வகுத்துப் பார்த்தால் 50.12 ஹெர்ட்ஸ். சிஆர்டிக்கு இந்தச் சிறு விலகல் பொருட்டே இல்லை. துல்லியம் பார்க்கும் டிஜிட்டல் கருவிகள் சில இதற்கே முகம் சுளிக்கும்.

தொலைக்காட்சியிலும் சரியாக வராதது ஏன்?

15 கிலோஹெர்ட்ஸ்தானே, காம்போசிட் துளை உள்ள புதிய தொலைக்காட்சியில் சொருகினால் போயிற்று என்று தோன்றும். படம் வரும். ஆனால் பார்க்கச் சகிக்காது.

தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒரு முழுப் படம் இரு பாதிகளாக வரும்: முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள். ஒவ்வொரு பாதியும் 262.5 அல்லது 312.5 வரி. அந்த அரை வரிதான் இரண்டாம் பாதியை முதல் பாதியின் இடுக்குகளில் உட்கார வைக்கிறது. பழைய கணினிகள் அந்த அரை வரியை விட்டுவிட்டன. 312 முழு வரி, அல்லது 263 முழு வரி என்று அனுப்பினால் எல்லாப் படமும் ஒரே இடத்தில் விழும்; எழுத்துகள் நடுங்காது. திரையில் தெரியும் வரிகளை வைத்து இதைத்தான் 240பி, 288பி என்கிறார்கள். எந்த ஒளிபரப்புத் தரத்திலும் இல்லாத ஒரு குறுக்கு வழி அது.

புதிய தொலைக்காட்சிகள் பலவற்றுக்கு இந்தக் குறுக்கு வழி தெரியாது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒரே படத்தின் இரண்டு பாதிகள் என்று எண்ணிக் கோத்துவிடும். நகரும் பொருளின் ஓரம் சீப்புப் பற்கள் போலப் பிளக்கும். ஒரு படம் விட்டு ஒரு படத்தில் மட்டும் காட்டப்படும் விளையாட்டுப் பாத்திரங்கள் வரிவரியாகக் கிழிந்தோ, சில சமயம் அடியோடு மறைந்தோ போகும்.

ஒன்பது பின், மூன்று மொழி

தொடக்ககால ஐபிஎம் பிசிக்களில் ஆபத்தான ஓர் ஒற்றுமை உண்டு. 1981இன் எம்டிஏ, அதே ஆண்டின் சிஜிஏ, 1984இன் இஜிஏ என்ற மூன்று வீடியோ கார்டுகளுக்கும் ஒரே ஒன்பது பின் கனெக்டர். உள்ளே ஓடுவது மூன்று வெவ்வேறு மொழிகள்.

எம்டிஏ 18.43 கிலோஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ், 720 × 350. சிஜிஏ 15.7 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ். இஜிஏ இரண்டு வேகங்களில் ஓடும்: 200 வரிப் படத்துக்கு 15.7, 350 வரிப் படத்துக்கு 21.8, எது இப்போது வருகிறது என்பதை செங்குத்து சிங்க்கின் துருவத்தை மாற்றிச் சொல்லும். ஐபிஎம்மின் ஒற்றை நிற மானிட்டரை சிஜிஏ கார்டில் சொருகினால் மானிட்டரே சேதமாகலாம். கார்டு தரும் சிங்க் துடிப்பை நம்பியே அதன் உயர் மின்னழுத்தச் சுற்று இயங்குவதுதான் காரணம். பிளக் பொருந்துகிறது என்பதற்காகச் சொருகிப் பார்க்கக் கூடாத இடம் இது.

இந்த மூன்றும் டிடிஎல் வகை. ஒவ்வொரு கம்பியும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்றுதான் சொல்லும், அதுவும் 5 வோல்ட் லாஜிக் அளவில். விஜிஏ எதிர்பார்ப்பது 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் அனலாக் சிக்னல். இடையில் மின்தடைகளாவது வைக்காமல் நேரடியாக இணைப்பது மானிட்டரின் உள்ளீட்டைச் சோதனைக்கு உள்ளாக்குவது.

சிஜிஏவின் பழுப்பு நிறத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம் என நான்கு கம்பிகளில் 16 நிறங்கள். கணக்குப்படி 6ஆம் நிறம் மங்கிய மஞ்சளாக, கிட்டத்தட்ட எண்ணெய்ப் பிசுக்கு நிறத்தில் வர வேண்டும். ஐபிஎம்மின் 5153 வண்ண மானிட்டர் அந்த ஒரு நிறத்தை மட்டும் கண்டுபிடித்து, பச்சையின் அளவைக் குறைத்து, அழகான பழுப்பாக்கிக் காட்டியது. அந்த மாற்றம் மானிட்டருக்குள் நடந்தது. கார்டில் இருந்து வரும் சிக்னலில் அது கிடையாது. ஆகவே மாற்றியை வடிவமைத்தவருக்கு இந்தச் சங்கதி தெரியாவிட்டால் திரையில் மண்ணும் மரமும் மஞ்சள் பூத்து நிற்கும். ஒரு சிஜிஏ மாற்றி சரியாகச் செய்யப்பட்டதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை.

விஜிஏவிலும் ஒரு பொறி

விஜிஏ உள்ள கணினிக்குத் தொல்லையே இல்லை என்பார்கள். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, பழைய டாஸ் இயங்குதளத்தின் எழுத்துத் திரையில் இருக்கிறது.

80 எழுத்து அகலமுள்ள அந்தத் திரை 720 × 400 புள்ளிகள் கொண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் 9 புள்ளி அகலம். அதே விஜிஏவில் 400 வரியில் 640 புள்ளி கொண்ட பயன்முறையும் உண்டு. இரண்டுக்கும் வரி வேகம் 31.47 கிலோஹெர்ட்ஸ், படவேகம் 70 ஹெர்ட்ஸ். வித்தியாசம், நொடிக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் புள்ளிக் கடிகாரத்தில் மட்டுமே: ஒன்றில் 28.322 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 25.175. ஓரங்களையும் சேர்த்தால் ஒரு வரிக்கு முறையே 900, 800 புள்ளிகள். இந்தக் கடிகாரம் கேபிளில் வருவதே இல்லை. மானிட்டர் ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

640 என்று தவறாக ஊகித்தால், ஒவ்வோர் எழுத்தின் 9 புள்ளிகளையும் 8 இடங்களில் மட்டும் தொட்டுப் பார்க்கும். ஒரு நெடுவரிசை விடுபடும். வேடிக்கை என்னவென்றால், 9க்கு 8 என்ற விகிதம் எழுத்தின் அகலத்தோடு அச்சாகப் பொருந்துவதால், திரையின் எந்த மூலையில் இருந்தாலும் எல்லா எழுத்திலும் அதே நெடுவரிசைதான் விடுபடும். அது எழுத்துகளுக்கு இடையே விடப்பட்ட ஒன்பதாவது வெற்று வரிசையாக அமைந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. தொட்டுப் பார்க்கும் கணம் கொஞ்சம் நகர்ந்து எழுத்தின் நடுவில் விழுந்தால், ஆங்கில ‘எம்’மின் நடுக்கால் மெலிந்தோ மங்கியோ போகும். கேபிள் சரியில்லை என்று பலர் அலைவது இந்த ‘எம்’மைப் பார்த்துத்தான்.

மானிட்டர் மெனுவில் ‘கிளாக்’, ‘ஃபேஸ்’ என்று இருக்கும் இரண்டு அமைப்புகள் இதற்கான மருந்து. ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ பொத்தானை அழுத்துவதாக இருந்தால், முதலில் திரை முழுவதும் எழுத்தால் நிரப்பிவிட்டு அழுத்த வேண்டும். கறுப்புத் திரையின் மூலையில் ஒற்றைக் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தால் படத்தின் ஓரம் எங்கே என்று மானிட்டருக்குத் தெரிய வழியில்லை.

இடையில் வைக்கும் பெட்டிகள்

- வெறும் அடாப்டர். பின்களை இடம் மாற்றித் தரும், அவ்வளவுதான். வேகம், வகை எதையும் மாற்றாது.

- விஜிஏ-எச்டிஎம்ஐ மாற்றி. எச்டிஎம்ஐ முழுக்க டிஜிட்டல். ஆகவே உள்ளே அனலாக்கை எண்ணாக்கும் சிப் இருந்தே தீர வேண்டும். மடிக்கணினியை பழைய புரொஜெக்டரில் இணைக்க விற்கப்படும் எச்டிஎம்ஐ-விஜிஏ துண்டு இதற்கு நேர் எதிர். அதைத் தலைகீழாகச் சொருகினால் வேலை செய்யாது. சரியான திசையில் வாங்கினாலும், 15 கிலோஹெர்ட்ஸைப் பெரும்பாலும் ஏற்காது.

- வரி இரட்டிப்பான். ஒரு வரியை வாங்கிவைத்து, பாதி நேரத்தில் இரண்டு முறை அனுப்பும். 15.7 இரட்டித்து 31.4 ஆகிறது, விஜிஏவின் வாசல் திறக்கிறது. ஓஎஸ்எஸ்சி என்ற திறந்த வடிவமைப்புக் கருவி ஐந்து மடங்கு வரை போகும். முழுப் படத்தைச் சேமித்துவைக்காததால் தாமதம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. மூலத்தின் 50.12 ஹெர்ட்ஸ் அப்படியே வெளியே போகும் என்பது இதன் மறுபக்கம். மானிட்டர் ஒத்துழைக்க வேண்டும்.

- முழுப்பட ஸ்கேலர். ஒரு படத்தை முழுதாக நினைவகத்தில் வாங்கி, மானிட்டர் கேட்கும் வேகத்தில் தரும். எந்த மானிட்டரிலும் படம் வந்துவிடும். விலையாக, 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி என்ற கணக்கில் தாமதம் சேரும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்கும்போது ஐந்தில் ஒரு படம் இரண்டு முறை காட்டப்படுவதால், பக்கவாட்டில் நகரும் காட்சி லேசாகத் தடுக்கி விழும்.

ஜிபிஎஸ்-8200 என்ற மலிவான போர்டு இந்தக் கடைசி வகை. (வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதனோடு வரும் மென்பொருள் சுமார்தான். ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் ஒன்றைச் சேர்த்து, ஆர்வலர்கள் எழுதிய ‘ஜிபிஎஸ்-கன்ட்ரோல்’ மென்பொருளை ஏற்றினால் அதே போர்டு வேறொரு கருவியாகிவிடுகிறது. டிடிஎல் கணினிகளுக்கு, ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியை மூளையாகக் கொண்ட ‘ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ’ திட்டம் என் பார்வையில் மிக நேர்த்தியான தீர்வு. ஒவ்வொரு பிக்சலையும் அதன் நடுவில் தொட்டு வாசிப்பதால், மேலே சொன்ன ‘எம்’ சிக்கலுக்கே அங்கே இடமில்லை. வாங்காமல் தவிர்க்க வேண்டியவை, ஸ்கார்ட்-எச்டிஎம்ஐ என்று விற்கப்படும் மலிவுப் பெட்டிகளில் பல: கேபிளில் ஆர்ஜிபி இருந்தும் அதை விட்டுவிட்டு காம்போசிட்டை மட்டும் எடுத்து, 240பியைக் குழப்பி, அகலத்தையும் இழுத்துவிடும்.

வட்டம் முட்டையாவது

படம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. 320 × 200 படம் 4:3 திரை முழுவதையும் நிரப்பவே வரையப்பட்டது. கணக்குப் போட்டால் அதன் பிக்சல் சதுரமில்லை, அகலத்தைப்போல் 1.2 மடங்கு உயரம். அதைச் சதுரப் பிக்சல்களாகக் காட்டினால் எல்லாம் அமுங்கித் தெரியும். 16:9 திரை முழுக்க இழுத்தால் வட்டம் கிடைமட்ட முட்டையாகிவிடும்.

இதற்கு ஓர் அருமையான எண் இருக்கிறது: 1600 × 1200. அகலத்தை 5 மடங்கு, உயரத்தை 6 மடங்கு ஆக்கினால் 320 × 200 மிச்சமில்லாமல் பொருந்தி, வடிவமும் அச்சாக 4:3 ஆகிறது. யாரும் சீண்டாத பழைய 20 அங்குல 4:3 எல்சிடியைத் தேடிப் பிடிப்பவர்களின் காரணம் இதுதான். 240 வரிக் கணினிகளுக்கு 1080 வரித் திரையில் 4.5 மடங்கு என்று அரை வந்து இடிக்கும். சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். 4கே திரையின் 2160 வரியில் சரியாக 9 மடங்கு.

மாற்றியால் தர முடியாதவை

சில விஷயங்களில் ‘நல்ல’ கேபிள்தான் தவறான கேபிள். ஆப்பிள் IIஇன் 280 × 192 வரைகலைத் திரையில் வண்ணங்கள் தனியாக உருவாக்கப்படுவதில்லை. புள்ளிகளை நெருக்கமாக மாற்றி மாற்றி வைத்தால், என்டிஎஸ்சி தொலைக்காட்சி அந்தத் துடிப்பை 3.58 மெகாஹெர்ட்ஸ் நிறச் சிக்னலாகத் தவறாகப் புரிந்துகொண்டு வண்ணம் பூசும். அந்தத் தவறை நம்பித்தான் நிரல்கள் எழுதப்பட்டன. சிஜிஏவின் காம்போசிட் துளைக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளும் இப்படியே. இவற்றைத் தெளிவான டிஜிட்டல் படமாக எடுத்தால் கிடைப்பது வண்ணமற்ற கோடுகள். ஆகவே இங்கே காம்போசிட்டை அதன் குறைகளோடு உள்வாங்கி, தொலைக்காட்சி செய்த தவறையே திரும்பச் செய்யும் கருவி வேண்டும்.

திரையை நோக்கிப் பிடித்து இடத்தைச் சுட்டும் ஒளித் துப்பாக்கிக்கும் ஒளிப் பேனாவுக்கும் அதுவும் பயன்படாது. அவை திரையில் படத்தைத் தேடுவதில்லை. கற்றை தங்கள் முனையைக் கடக்கும் கணத்தில் ஒரு துடிப்பை அனுப்பும். கமடோர் 64இன் வீடியோ சிப் அந்தக் கணத்தில் தான் எந்த வரியில், எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குறித்துவைத்து, அதையே பேனாவின் இடமாகச் சொல்லும். எல்சிடியில் கடந்துபோகக் கற்றையே கிடையாது. பின்விளக்கு எப்போதும் எரிகிறது, படமும் தாமதமாக வருகிறது. எத்தனை நல்ல மாற்றியை வைத்தாலும் பேனாவுக்கு அந்தக் கணம் வந்து சேராது.